ராணிகஞ்சின் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள்: எதைப் பார்க்கலாம், எதற்குள் நுழையக் கூடாது?

#1 வழிப்போக்கன்77

டிசம்பரில் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் – அசன்சோல் பக்கம் நான்கு நாள் தங்குகிறோம், இரண்டு பேர். மூடிவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் மிச்சமிருக்கும் இரும்புக் கோபுரம், இயந்திரக் கூடம், புகைபோக்கி இவற்றைப் படமெடுத்து, அளவெடுத்து, குறிப்போடு பொதுவில் ஏற்றலாம் என்று திட்டம். சில இடங்களில் சரிவாக இறங்கும் இன்கிளைன் வாய் திறந்தே கிடப்பதாகத் தெரிகிறது.

கேள்வி இரண்டு. ஹெல்மெட், தலைவிளக்கு, நான்கு வாயு காட்டும் டிடெக்டர் இருந்தால் ஒரு ஐம்பது மீட்டர் உள்ளே போய் வரலாமா? மேலே பார்க்கும்போது எது முக்கியம், எது வெறும் இரும்பு என்று எப்படிப் பிரிப்பது?

#2 சால்மரம்

முதல் கேள்விக்குப் பதில்: கூடாது. காரணம் சொல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் நீளமாக.

பழைய நிலக்கரிச் சுரங்கத்தில் ஆளைக் கொல்வது கூரையும் வெடிப்பும் மட்டுமில்லை, பிளாக்டேம்ப் என்ற கெட்ட காற்றும்தான். கரி, அதிலுள்ள பைரைட், உளுத்துப்போன மரமுட்டு எல்லாம் காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கின்றன. மிஞ்சுவது நைட்ரஜனும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும். நிறமில்லை, வாசனையில்லை, நெருப்புப் பிடிக்காது, வெடிக்காது. காற்றில் ஆக்சிஜன் 20.9% இருக்க வேண்டும். வேலை நடக்கும் சுரங்கத்தில் 19%-க்குக் கீழே போகக் கூடாது என்பது நம் நாட்டு விதி. சுமார் 16%-ல் பழைய பாதுகாப்பு விளக்கு அணைந்துவிடும். 10%-ஐ ஒட்டி ஆள் சாய்ந்துவிடுவார். 6%-க்குக் கீழே என்றால் ஓரிரு மூச்சுதான். ‘மூச்சு முட்டினால் திரும்பிவிடலாம்’ என்ற கணக்கு இங்கே எடுபடாது. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது கார்பன் டை ஆக்சைடு. அது குறைவாக இருக்கும் பிளாக்டேம்ப்பில் முட்டாமலேயே நினைவு போகும். பின்னால் நிற்பவர் ‘என்னாச்சு’ என்று இரண்டு எட்டு முன்னால் வைப்பார், அவரும் விழுவார்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம்: சுரங்கம் மூச்சுவிடும். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் உள்ளே அடைந்து கிடப்பது வெளியே வழியும், கூடினால் வெளிக்காற்று உள்ளே போகும். நம் அட்சரேகையில் அழுத்தம் தினமும் காலை 10 மணி வாக்கில் உச்சத்திலும் மாலை 4 மணி வாக்கில் தாழ்விலும் இருக்கும். வித்தியாசம் 3, 4 மில்லிபார். ஆயிரத்தில் மூன்று என்பது தூசு மாதிரித் தெரியும். கீழே 1 லட்சம் கன மீட்டர் வெற்றிடம் இருந்தால் அது 300 கன மீட்டர் கெட்ட காற்று, 10 மீட்டருக்கு 10 மீட்டர், 3 மீட்டர் உயரக் கூடம் நிறைய. அத்தனையும் நீங்கள் நிற்கும் அந்த ஒரு வாய் வழியாக வரும். புயல்மழைக்கு முன் அழுத்தம் விழும்போது இன்னும் அதிகம்.

இதோடு வெப்பநிலையும் சேரும். டிசம்பர் விடியலில் வெளியே 12 டிகிரி, உள்ளே 26, 27. உள்ளே இருக்கும் சூடான காற்று மேட்டிலுள்ள குழி வழியாக எழும்ப, தாழ்விலுள்ள இன்கிளைன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் வாயில் நின்று பார்த்தால் காற்று சுத்தமாகவே இருக்கும், டிடெக்டரும் 20.9 காட்டும். அதே வாய் மதியத்துக்கு மேல் திசை மாறி ஊதும். காலையில் உள்ளே போனவர் திரும்பும் நேரம் அதுதான்.

#3 வழிப்போக்கன்77

விளக்கத்துக்கு நன்றி சார். ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் டிடெக்டர் கத்துமே? கத்தினால் திரும்பிவிட்டால் போதாதா?

#4 சால்மரம்

கத்தும். கத்தும் நேரத்துக்கும் உங்கள் நேரத்துக்கும் இடைவெளி போதாது என்பதுதான் சிக்கல்.

நான்கு வாயுக் கருவியில் ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு இவற்றுக்குத்தான் சென்சார். கார்பன் டை ஆக்சைடுக்குத் தனியாக வாங்கினால் உண்டு. ஆக்சிஜன் சென்சார் முழு மதிப்புக்கு வர அரை நிமிடம் வரை எடுக்கும். நடக்கும் வேகத்தில் அரை நிமிடம் என்றால் 30 மீட்டர்.

எரிவாயு சென்சாரில் இன்னொரு பொறி. திரையில் வரும் 100% என்பது மீத்தேன் 100% இல்லை, வெடிக்கும் கீழெல்லை. அதாவது காற்றில் 5% மீத்தேன். மேலெல்லை 15%. சாதாரணக் கருவியின் சென்சார் வாயுவை உள்ளேயே எரித்துப் பார்த்து அளவு சொல்கிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் 10%-க்குக் கீழே போய்விட்டால் மீத்தேன் நிறைய இருந்தும் குறைத்துக் காட்டும். இரண்டு ஆபத்தும் சேர்ந்த இடத்தில் கருவி ஒன்றை மறைக்கிறது. சிலிக்கோன் ஸ்பிரே பட்டால் இந்தச் சென்சார் செத்தே போகும், திரையில் மட்டும் சாதுவாகப் பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும். தெரிந்த வாயுவைக் காட்டிச் சோதிக்காத கருவியை நம்பக் கூடாது.

ஹைட்ரஜன் சல்பைடு தேங்கிய தண்ணீரில் கரைந்து கிடக்கும், காலால் கலக்கினால் எழும். அழுகிய முட்டை நாற்றம் சுமார் 100 பிபிஎம்மில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றது நல்ல சேதி இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கான வடிகட்டி முகமூடியை இணையத்தில் விற்கிறார்கள். அது மோனாக்சைடை மட்டும்தான் மாற்றும், இல்லாத ஆக்சிஜனைக் கொண்டுவராது.

கருவி வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தரைக்கு மேலே, பழைய பாதாள அறை, காற்றாடிக் கால்வாய், பம்ப் குழி பக்கம் போகும்போது இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுப் பாருங்கள். பிளாக்டேம்ப் பள்ளத்தில் தேங்கும்.

#5 மாரிக்குப்பம்

கோலார் தங்கவயலில் பழைய ஷாஃப்ட் பக்கம் எத்தனையோ பேர் போகிறார்கள், வருகிறார்கள். நிலக்கரிக்கு மட்டும் இவ்வளவு பயமா?

#6 சால்மரம்

கோலார் கடினப் பாறை. அங்கே ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது, பாறை அழுத்தத்தால் வெடித்துச் சிதறுவதுதான் பெரிய பிரச்சினை. தங்கப் படிவம் மீத்தேன் விடாது, தானாகத் தீப்பிடிக்காது. கரி இரண்டையும் செய்யும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அதற்காக 2001-ல் மூடி, தண்ணீர் ஏறிவிட்ட கோலார் குழிகள் பாதுகாப்பானவை என்றும் ஆகிவிடாது.

தானாகத் தீப்பிடிப்பது பற்றி ஒன்று: செங்கல் வைத்து அடைத்த சுவர் சில வாய்களில் தெரியும். அது அழகுக்குக் கட்டியதில்லை. பின்னால் கரி சூடேறாமலிருக்கக் காற்றைத் தடுக்கக் கட்டியது. எட்டிப்பார்க்க ஒரு கல்லை உருவினால் பின்னாலிருக்கும் கரிக்கு ஆக்சிஜன் போகிறது. ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரி வயலில் 1916 முதல் எரிகிறது என்கிறார்களே, அந்தத் தீக்குப் பழைய வேலைப்பகுதிகளுக்குள் புகும் காற்றுதான் தீனி.

#7 நெய்தல்மகன்

நெய்வேலியில் இந்தத் தொல்லை ஏதும் இல்லையே?

#8 கோணமானி

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம் அண்ணே. மேல்மண்ணை முழுக்க வாரி எடுத்துவிட்டுப் பழுப்பு நிலக்கரியை வெட்டுகிறார்கள். அங்கே தலைவலி கீழிருந்து அழுத்தும் ஊற்றுநீர், அதை இடைவிடாமல் பம்ப் செய்தாக வேண்டும். கீழே குகை, தூண், கூரை என்று எதுவும் இல்லை. ராணிகஞ்சில் வீட்டுக்கும் வயலுக்கும் அடியில் இருநூறு வருட வெற்றிடம் இருக்கிறது.

#9 சுத்தியல்

உள்ளே போகவில்லை, சரி. குழியின் ஆழத்தையாவது பார்க்கலாமே. ஒரு கல்லைப் போட்டு ஓசை வரும்வரை எண்ணினால் கணக்கு வந்துவிடும். 3 விநாடி என்றால் சுமார் 41 மீட்டர், ஓசை மேலே வரும் நேரத்தையும் கழித்து.

#10 கோணமானி

கணக்கு சரி. நிற்கும் இடம் தப்பு.

பழைய குழியின் வாய் செங்கல் வளையத்தால் கட்டியது. விட்டம் பெரும்பாலும் 3 முதல் 6 மீட்டர். மேலே சில மீட்டர் வெறும் மண், அதற்குக் கீழேதான் பாறை. செங்கல்லின் சுண்ணாம்புக் காரை கரைந்து ஓரிடத்தில் பெயர்ந்தால் பின்னாலிருக்கும் மண் குழிக்குள் வடியும். மேலே புல் அப்படியே இருக்கும், அடியில் புனல் மாதிரிக் குடைந்திருக்கும். எட்டிப்பார்க்க வருபவர் அந்தப் புனலின் விளிம்பில்தான் கால் வைக்கிறார். அதுவுமில்லாமல் கல்லின் ஓசை தரையைத் தொட்டதா, தண்ணீரைத் தொட்டதா, நடுவில் சிக்கிய குப்பைத் தட்டைத் தொட்டதா என்று தெரியாது. அப்படியொரு தட்டு சிக்கியிருந்தால் நீங்கள் பார்ப்பது பத்து மீட்டர் ஆழக் குப்பைக்குழி, அதன் கீழே இருநூறு மீட்டர்.

குழி இல்லாத இடத்திலும் தரை விழும். இங்கே பழைய முறை, கரியில் தெரு மாதிரி வெட்டிக்கொண்டு போய் நடுவில் தூண்களை விட்டுவிடுவது. பிறகு யாராவது தூணையும் சுரண்டியிருப்பார்கள். கூரை விழுந்தால் உடைந்த பாறை முன்னைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் ஒரு கட்டத்தில் தன்னாலேயே அடைபட்டு விழுவது நின்றுவிடும். ஒன்றரை மடங்கு, ஒன்றேகால் மடங்கு என்று உப்பலைப் பொறுத்து வெட்டிய உயரத்தின் சில மடங்கில் நிற்கலாம், பத்து மடங்கு வரையும் ஏறலாம். வெட்டிய உயரம் 3 மீட்டர் என்றால் 30 மீட்டர். கரி அதற்கும் மேலோட்டமாக இருந்தால் குழிவு தரையைத் துளைத்துக்கொண்டு வரும், கிணறு வெட்டிய மாதிரி வட்டமாக. ராணிகஞ்சில் பழைய வேலையெல்லாம் மேலோட்டம்தான்.

கண்ணில் படும் அடையாளங்கள்: வளைந்து ஓடும் வெடிப்பு, ஒரு பக்கம் அரையடி தாழ்ந்த தரை, ஒரே மையத்தை நோக்கிச் சாய்ந்த மரங்கள், நடு வயலில் காரணமில்லாமல் காய்ந்த புல் வட்டம். குளிர்கால விடியலில் வெடிப்பிலிருந்து ஆவி எழுந்தால் உடனே தீ என்று எழுதிவிடாதீர்கள். சூடும் ஈரமுமான சுரங்கக் காற்றும் அப்படித்தான் தெரியும். தரை சுடுகிறதா, மண்ணெண்ணெய் போன்ற வாடை இருக்கிறதா, வெடிப்பின் உதட்டில் மஞ்சள் கந்தகப் படிவு இருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

#11 சுத்தியல்

கல் போடும் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

#12 இரும்புக்கறை

பயம் காட்டியது போதும், இரண்டாம் கேள்விக்கு வருவோம். சொல்லப்போனால் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி தரைக்கு மேலேதான்.

அங்கே குழியை ‘சாணக்’ என்பார்கள். அதன் மேல் நிற்கும் கோபுரம் ஹெட்கியர். அதன் நான்கு கால்களில் இரண்டு நேராக நிற்கும், இரண்டு சாய்ந்திருக்கும். சாய்ந்த கால்கள் எந்தத் திசைக்குப் போகின்றனவோ அங்கேதான் இழுவை இயந்திரக் கூடம் இருந்தது. வடம் கூடத்திலிருந்து மேலேறி, சக்கரத்தில் வளைந்து, குழிக்குள் இறங்கும். இழுவை கோபுரத்தைக் கூடத்தின் பக்கம் சாய்க்கப் பார்க்கும், அதைத் தாங்கத்தான் சாய்ந்த கால். கூடம் இடிந்துபோயிருந்தாலும் இந்த ஒரு குறிப்பை வைத்து அதன் அடித்தளத்தைப் புதருக்குள் தேடிவிடலாம்.

கூடத்தின் சுவர் நின்றால் அதில் வடம் நுழைந்த இரண்டு துளைகளைப் பாருங்கள். ஒன்று உயரத்தில், ஒன்று தாழ்வில் இருக்கும். ஆளையும் கரியையும் ஏற்றும் கூண்டுகளில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்க வேண்டும். அதற்காக ஒரு வடம் உருளையின் மேல்புறமாகவும் மற்றது அடிப்புறமாகவும் வரும். துளையின் கீழ் உதட்டில் வடம் உரசிய பள்ளம் கண்டால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள்.

சக்கரத்தின் விட்டம் வடத்தின் விட்டத்தைப் போல் சுமார் நூறு மடங்கு இருக்கும்படி செய்வார்கள். சின்னச் சக்கரத்தில் வளைந்தால் கம்பி இழைகள் களைத்து அறும். சக்கரம் 3 மீட்டர் என்றால் வடம் 30 மில்லிமீட்டரை ஒட்டி. சக்கரத்தின் காடியில் இதைச் சரிபார்க்கலாம், ஆனால் ஏறாதீர்கள், ஜூம் லென்ஸ் போதும். படிக்கட்டின் வெல்டும் ரிவெட்டும் பெயின்டுக்கு அடியில் மாவாகியிருக்கும்.

கோபுரத்துக்குள், சக்கரத்துக்குக் கீழே, நடுவில் ஓட்டையுள்ள தடித்த இரும்புத் தட்டு ஒன்று குறுக்கே இருக்கிறதா பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடும் அருமையான சாதனம் அதுதான். இயந்திரக்காரர் நிறுத்தத் தவறி கூண்டு சக்கரத்தை நோக்கிப் போனால், வடத்தின் நுனிக் கொக்கி இந்த ஓட்டைக்குள் நுழையும். ஓட்டை கொக்கியின் கீழ் இறக்கைகளை நெருக்க, உள்ளேயிருக்கும் செப்பு ஆணி அறுபட்டு வடம் கழன்றுகொள்ளும். மேல் இறக்கைகள் விரிந்து தட்டின் மேல் உட்கார, கூண்டு ஆட்களோடு அங்கேயே தொங்கி நிற்கும். மின்சாரமோ சென்சாரோ இல்லாத வேலை.

#13 வழிப்போக்கன்77

இதைத்தான் கேட்டேன் அண்ணே. ஹெட்கியர் தவிர வேறு எதையெல்லாம் அடையாளம் காணலாம்?

#14 இரும்புக்கறை

பெரும்பாலும் இரண்டு குழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 1862-ல் இங்கிலாந்தின் ஹார்ட்லியில் ஒற்றைக் குழிக்குள் பம்ப் இயந்திரத்தின் உத்தரம் உடைந்து விழுந்து வழியடைத்தது, 204 பேர் மாண்டார்கள். இரண்டு வெளிவழி என்ற சட்டம் அதிலிருந்து வந்ததுதான். இரண்டில் எதன் வாய் பெட்டி மாதிரி மூடப்பட்டு, பக்கத்தில் வாயகன்ற புனல் வடிவக் கான்கிரீட் கூண்டு நிற்கிறதோ, அதுதான் கெட்ட காற்றை உறிஞ்சிய குழி. புனல், காற்றாடியின் வெளிவாய்.

நீண்ட கிடைமட்ட இரும்பு உருளை, முகத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய வட்ட ஓட்டை என்றால் லங்காஷயர் பாய்லர். ஓட்டைகள்தான் அடுப்பு. கூடத்தில் நீராவி இயந்திரம் இருந்ததற்கு அதுவே சாட்சி.

உயரத்தில் நிற்கும் கான்கிரீட் தொட்டியும், தொலைவில் வரிசையாகச் சாயும் இரும்புத் தூண்களும் கண்டால் மணல் நிரப்பும் அமைப்பு. தாமோதர் ஆற்று மணலைக் கம்பிவழித் தொட்டிகளில் கொண்டுவந்து, தண்ணீரோடு கலந்து, குழாயில் கீழே விட்டுக் கரி எடுத்த வெற்றிடத்தை அடைப்பார்கள். ஓட ஓட மணல் குழாயின் அடிப்பக்கத்தை அரித்துவிடும், அதனால் குழாயைத் திருப்பித் திருப்பி மாட்டுவார்கள். கழற்றிப் போட்ட துண்டு கிடைத்தால் சுவரின் தடிப்பைச் சுற்றிலும் நான்கு இடத்தில் அளந்து பாருங்கள், தெரியும்.

இரும்புச் சட்டங்களின் இடையில் புடைத்த எழுத்து இருக்கும், உருட்டும்போதே பதிந்தது. டார்மன் லாங் என்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. டாடா என்றிருந்தால் 1912-க்கு முந்தியதாக இருக்க முடியாது, அந்த வருடம்தான் ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்க்கத் தொடங்கினார்கள். செங்கல்லின் பள்ளத்தில் பர்ன் என்று கண்டால் உள்ளூர்ச் சரக்கு, ராணிகஞ்சிலேயே அந்த நிறுவனத்துக்குச் சூளை இருந்தது. போர்டில் எழுதிய வருடத்தைவிட இந்த எழுத்துகளை நம்பலாம். ஆனால் பழைய சட்டத்தைப் புதுக் கோபுரத்தில் போடுவதும் உண்டு, ஒரே எழுத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மணி அடிக்கும் குறியீட்டுப் பலகை குழி வாயின் பக்கம் அபூர்வமாக மிஞ்சியிருக்கும். ஓடும்போது 1 என்றால் நிறுத்து, நிற்கும்போது 1 என்றால் மேலே தூக்கு, 2 இறக்கு, 3 ஆள் ஏறுகிறார்கள். முழுப் பலகையையும் நேர்கோணத்தில் ஒரு படம், ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம்.

#15 பழஞ்சுவடி

வரலாற்றுப் பக்கம் சுருக்கமாக. இங்கே கரி வெட்ட 1774-ல் சம்னர், ஹீட்லி என்ற இரண்டு கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் தொடங்கினார்கள். 1836-ல் ராணிகஞ்ச் சுரங்கத்தை வாங்கியவர் துவாரகாநாத் தாகூர், ரவீந்திரநாத்தின் தாத்தா. ஹௌராவிலிருந்து ரயில் 1855-ல்தான் வந்தது. அதற்கு முன் மழைக்காலத்தில் தாமோதரில் தண்ணீர் வரும்வரை கரையில் குவித்து வைத்துப் படகில் அனுப்பினார்கள். நாராயண்குடி படித்துறைப் பக்கம் துவாரகாநாத்தின் ‘கார், தாகூர்’ கம்பெனிக் கட்டடத்தின் இடிபாடு இன்னும் இருக்கிறது. பட்டியலில் சேருங்கள், அங்கே போக யார் அனுமதியும் தேவைப்படாது.

இயந்திரத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். வரிசையாகத் தாழ்ந்த கூரையோடு ஒற்றை அறைகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், ‘தாவ்ரா’ என்பார்கள், தொழிலாளர் குடியிருப்பு. கரி வெட்டுபவர் ‘மால்காட்டா’, சுமந்த பெண் ‘காமின்’. சந்தால், பவுரி குடும்பங்கள் கணவன் மனைவியாக இறங்கி வேலை செய்தார்கள். பெண்கள் அடியில் வேலை செய்வதை 1929-லிருந்து படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். போர்க்காலத்தில் கரி போதாமல் 1943-ல் தடையைத் தளர்த்தி, 1946-ல் மறுபடி போட்டார்கள். தாவ்ராவில் இன்றும் ஆட்கள் குடியிருக்கலாம். கேட்டுவிட்டுப் படமெடுங்கள், அது அவர்கள் வீடு.

#16 நெய்தல்மகன்

என் கருத்து கொஞ்சம் கசக்கும். அரசு இந்தக் குழிகளையெல்லாம் நிரப்பித் தொலைக்க வேண்டும், இரும்பை ஏலம் விட வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் பாரம்பரியம் என்று சொல்லித் திறந்து வைப்பது நியாயமா?

#17 கோணமானி

குழியை நிரப்ப வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறில்லை. எப்படி நிரப்புகிறார்கள் என்பதில்தான். வாயில் மரக்கட்டையைக் குறுக்கே போட்டு மேலே மண்ணைத் தள்ளினால், கட்டை உளுத்ததும் பத்து இருபது வருடத்தில் ஒரே இரவில் விழும். ஒழுங்காகச் செய்தால் உளுக்காத பாறையை அடியிலிருந்து நிரப்ப வேண்டும், மேலே பாறை மட்டத்தில் குழி விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு அகலமுள்ள கான்கிரீட் மூடி, அதில் வாயு வெளியேற ஒரு குழாய். குழாயை மறந்தால் வாயு வேறு வழி தேடும். ஸ்காட்லாந்தில் கோர்பிரிட்ஜ் ஊரில் பழைய வேலைப்பகுதியின் மேல் புதிதாகக் கட்டிய வீடுகளுக்குள் கார்பன் டை ஆக்சைடு புகுந்து, 64 வீடுகளை இடித்தார்கள்.

எங்கே எவ்வளவு வெட்டினார்கள் என்ற வரைபடத்தையும் தொலைத்துவிடக் கூடாது. 1975 டிசம்பர் 27, தன்பாத் பக்கத்துச் சாஸ்நாலா சுரங்கம்: கைவிட்ட மேல்பகுதியில் தேங்கியிருந்த தண்ணீர் கீழே வேலை செய்தவர்கள்மேல் உடைத்துக்கொண்டது, 375 பேர். 1989 நவம்பரில் இதே ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்திலும் பழைய பகுதியின் தண்ணீர்தான். அங்கே மேலிருந்து துளைபோட்டு ஒற்றை ஆள் நுழையும் இரும்புக் கூண்டை இறக்கி 65 பேரை ஒவ்வொருவராகத் தூக்கினார்கள், முன்னின்றவர் ஜஸ்வந்த் சிங் கில். கைவிட்ட சுரங்கம் பக்கத்துச் சுரங்கத்தைக் கொல்லும். அதனால் நீங்கள் எடுக்கும் குறிப்பில் ஒவ்வொரு குழி வாயின் அட்சரேகை, தீர்க்கரேகை கட்டாயம் இருக்கட்டும்.

#18 இரும்புக்கறை

குழியை நிரப்புங்கள், கோபுரத்தை விடுங்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து ஸோல்ஃபெரைன் 1986-ல் நின்றது. 55 மீட்டர் கோபுரம் இன்றும் நிற்கிறது, கரி கழுவிய கட்டடம் அருங்காட்சியகம், 2001-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில். நாட்டின் கடைசிப் பாதாள நிலக்கரிச் சுரங்கத்தையே 2018-ல் மூடிய பிறகும் சுரங்க நீர் குடிநீரோடு கலக்காமலிருக்கப் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முடிவில்லாத செலவு, அதற்குத் தனி அறக்கட்டளையே வைத்திருக்கிறார்கள்.

ஏலத்தைவிட இங்கே பெரிய எதிரி திருட்டு. திருடுபவர் முதலில் வெட்டுவது எளிதில் கழலும் குறுக்குச் சட்டங்கள். பார்வைக்கு நான்கு கால்களும் அப்படியே நிற்கும். ஆனால் முக்கோணம் போனபின் அது வெறும் நாற்காலிக் கால், பக்கவாட்டுக் காற்றைத் தாங்காது. இரண்டாம் எதிரி துரு: ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரிவெட் அடித்த தகடுகளுக்கு நடுவில் நீர் தங்கித் துரு உப்பும். உப்பல் தகட்டை அலை மாதிரி வளைத்து ரிவெட்டின் தலையைப் பிய்த்துவிடும். காலின் அடியில், கான்கிரீட்டில் நுழையும் அந்த ஓர் அங்குலத்தைக் கட்டாயம் படமெடுங்கள், அங்கேதான் முதலில் அறும். குறுக்குச் சட்டம் வெட்டுப்பட்ட கோபுரம் என்றால் அதன் உயரத்தின் ஒன்றரை மடங்கு தள்ளி நின்றே எல்லாவற்றையும்.

#19 மாரிக்குப்பம்

உள்ளே இறங்கித்தான் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு வழி இருக்கிறதா?

#20 சால்மரம்

காற்றோட்டக் காற்றாடி ஓடும் இடத்துக்குப் போங்கள். நாக்பூர் பக்கம் சாவ்னேரில் ஓடும் சுரங்கத்துக்குள்ளேயே சுற்றுலா நடத்தியிருக்கிறார்கள். வேல்ஸில் பிக் பிட்: 1980-ல் மூடி 1983-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள், 90 மீட்டர் கூண்டில் இறங்கலாம். அங்கே இன்றும் சுரங்கச் சட்டம் செல்லும். தீப்பெட்டி மட்டுமில்லை, கைபேசி, கேமரா, பேட்டரி கடிகாரம் எல்லாவற்றையும் மேலே கொடுத்துவிட வேண்டும், பொறி பறக்கும் எதுவும் கூடாது. ஆபத்தில் மூச்சுவிட உதவும் சுயமீட்புக் கருவி ஒன்றை இடுப்பில் மாட்டி அனுப்புவார்கள். அருங்காட்சியகமே இவ்வளவு செய்கிறது என்றால், கைவிட்ட இன்கிளைனில் தலைவிளக்கோடு போவது எப்படிப்பட்ட காரியம் என்று பாருங்கள்.

#21 கோணமானி

அளவெடுக்கும் முறை, கேட்டவருக்கு:

முதலில் அனுமதி. மூடிய சுரங்கத்துக்கும் உரிமையாளர் உண்டு, 1971 – 73 தேசியமயத்துக்குப் பின் இந்தப் பக்கம் பெரும்பாலும் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ். எந்த ஏரியாவில் வருகிறதோ அந்த ஏரியாப் பொது மேலாளர் அலுவலகத்துக்கு ஒரு மாதம் முன்பே கடிதம். ‘தரைமட்டத்துக்கு மேல் மட்டும், குழி வேலிக்கு வெளியே’ என்று கடிதத்திலேயே எழுதுங்கள், கையெழுத்து சீக்கிரம் வரும். டிரோன் என்றால் தனி அனுமதி.

வேலை காலை 8 முதல் 12 வரை. வெயில் சாய்ந்திருந்தால் ரிவெட் நிழல் விழும், மதியத்துக்கு மேல் குழி ஊதும் என்று மேலே சொன்னார்களே, அதுவும் ஒரு காரணம். 20 சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்பு – வெள்ளைக் கட்டம் போட்ட 2 மீட்டர் கம்பை ஒவ்வொரு முகப்பிலும் சாய்த்து வைத்து ஒரு படம். முப்பரிமாண மாதிரிக்கு, கோபுரத்தைச் சுற்றி ஒரே தூரத்தில் நடந்துகொண்டே, அடுத்தடுத்த படங்கள் 80% ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுங்கள். ஒரு சுற்றுக்கு 60, 70 படம் வரும், தாழ்வாக ஒரு சுற்று, கையை உயர்த்தி ஒரு சுற்று. வானம் பின்னணியில் வெள்ளையாக இருந்தால் மெல்லிய சட்டங்களை மென்பொருள் தின்றுவிடும். மேகமூட்ட நாளில் ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்தால் கறுப்பு இரும்பில் விவரம் தங்கும்.

லேசர் அளவுகோல் துருவேறிய இரும்பில் சில சமயம் திரும்பி வராது, ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து அளங்கள். குறைந்தது இரண்டு நீளங்களை நாடாவிலும் அளந்து வைத்தால் மாதிரியின் அளவைச் சரிபார்க்கலாம்.

#22 வழிப்போக்கன்77

எல்லாருக்கும் நன்றி. திருத்திய திட்டம்: இன்கிளைனுக்குள் இறங்குவது ரத்து. ஏரியா அலுவலகத்துக்கு இந்த வாரம் கடிதம். நாராயண்குடி படித்துறை முதல் நாள். ஹெட்கியர் இரண்டு, தூரத்திலிருந்து. இன்கிளைன் வாயை மட்டும் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம், அதன் வளைவுச் செங்கல் நன்றாக இருக்கிறது.

#23 சால்மரம்

வாய்க்கு நேரே நிற்காதீர்கள். இன்கிளைனுக்கு முன்னால் தரையை வெட்டிய பள்ளம் இருக்கும், இரண்டு பக்கமும் சுவர். வழியும் காற்று அந்தப் பள்ளத்தில்தான் தேங்கும், வாய்க்குள் போகாமலேயே கால் தளரும். பக்கச் சுவரின் மேலே, சுவரிலிருந்து சில மீட்டர் தள்ளி நின்று, 85 மில்லிமீட்டர் லென்ஸில் எடுங்கள். முக்காலியை உள்ளே வைக்க யாரையும் அனுப்பாதீர்கள்.

#24 வழிப்போக்கன்77

85 இல்லை, 70 – 200 இருக்கிறது.

#25 சால்மரம்

அதுவே போதும்.